தோசைக்கல் கூறும் வரலாறு

தோசைக்கல் இரும்பால் ஆனது. ஆயினும் அதனைக் கல் என்றே வழங்குகிறோம். கடைக்குச் சென்று, "இரும்புக் கல் ஒன்று கொடுங்கள்" என்று கேட்பவரைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. இரும்பு எவ்வாறு கல்லாயிற்று? இந்தச் சிறு வினாவைத் தொடர்ந்து சென்றால், நம் நாட்டின் வரலாற்றில் ஒரு நீண்ட வழி திறக்கிறது. அவ்வழியே சிறிது தூரம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பொருள் மாறினாலும் பெயர் மாறாமல் நிற்பது மொழியின் இயல்பு. எள்ளிலிருந்து எடுத்த நெய்யையே முதலில் எண்ணெய் என்றனர். இன்றோ தேங்காயெண்ணெயும் உண்டு, மண்ணெண்ணெயும் உண்டு, எள்ளுக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தோசைக்கல்லும் அத்தகையதே. அடுப்பின்மேல் தட்டையான கல்லையோ, சுட்ட மண் ஓட்டையோ வைத்து அதன்மேல் மாவைச் சுட்ட பழங்காலத்தின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. மலையாளத்தாரும் தோசைக்கல் என்றே கூறுவர். கன்னடத்தில் கூரை ஓட்டுக்கும் ரொட்டி சுடும் தட்டுக்கும் 'ஹெஞ்சு' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. ஆகவே தென்னாட்டு அடுப்பில் கல்லும் ஓடும் முதலில் ஏறின; இரும்பு பிறகே வந்தது என்று சொற்களைக் கொண்டே நாம் உய்த்துணரலாம்.

இந்த ஆராய்ச்சிக்குக் கோம்பை என்னும் ஊரை எடுத்துக்கொண்டேன். தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்திலிருந்து பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் சாலையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது இவ்வூர். ஊரின் பெயரைத் தாங்கிய வேட்டை நாயினத்தால் இதனை அறிந்தோர் பலர். மலைக்கு அப்பால் கேரளம், ஏலத் தோட்டங்கள். மலைக்கு இப்பால் கம்பம் பள்ளத்தாக்கு. நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சையும். தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இப்பள்ளத்தாக்கில் பல தலைமுறைகளாகக் கலந்து வாழ்கின்றன. அரண்மனைகளைப் பற்றிய நூல்கள் நமக்கு உண்டு. அடுப்பங்கரையைப் பற்றி எழுதியோர் சிலரே. ஒரு சிற்றூரின் காலை உணவைக்கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றைக் காண முடியுமா என்று பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் இலக்கியத்தை நாடுவோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கரிய அகலில் அப்பம் சுட்டு விற்ற கூவியர் என்பாரைக் குறிப்பிடுகிறது. மதுரைக்காஞ்சியும் மதுரை நகரத் தெருக்களில் அடை முதலிய பண்ணியங்கள் விற்கப்பட்டதைக் கூறுகிறது. எனவே சூடான கலத்தின்மேல் மாவைச் சுடும் கலை தமிழருக்குப் புதியதன்று. பிற்காலத்தில், விசயநகர வேந்தர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில் 'தோசைப்படி' என்னும் படையலைப் பற்றிய குறிப்புகள் வருகின்றன. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்கோயிலில் இன்றும் தோசையே பெயர்பெற்ற பிரசாதமாகும். இவற்றால் ஓர் உண்மை தெளிவாகிறது: தோசை நெடுங்காலமாகக் கடைத்தெருவிலும் கோயில் மடைப்பள்ளியிலும் இருந்தது. ஏழை உழவன் வீட்டு அடுப்புக்கு அது வந்த கதையோ வேறு.

இனி இரும்பைக் காண்போம். தமிழகம் இரும்புக்குப் புதிய நாடன்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் அகழ்ந்தபோது இரும்புக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த சான்று கி.மு. 2172 ஆம் ஆண்டைச் சார்ந்ததென 2022 இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் எடுத்த மாதிரிகளின் காலக் கணிப்பு கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025 சனவரியில் அறிக்கை வெளியிட்டது. இக்கணிப்புகளை அறிஞர் உலகம் ஆய்ந்து வருகிறது. ஆயினும் இரும்பு இம்மண்ணில் மிகப் பழைமையானது என்பதில் ஐயமில்லை.

நம் மொழியே அதற்கு ஒரு சான்று கூறுகிறது. கொல்லன் இரும்பைக் காய்ச்சும் இடத்துக்கு உலை என்று பெயர். வீட்டில் அரிசியிடுவதற்காகக் கொதிக்கவைக்கும் நீருக்கும் உலை என்றே பெயர். "உலை வைத்தாயிற்றா?" என்று கேட்கும் நம் தாய்மார், கொல்லனுக்கும் சமையலுக்கும் உள்ள உறவைத் தம்மை அறியாமலே நாள்தோறும் நினைவூட்டுகின்றனர். மதுரைச் சீமையில் வாணலிக்கு 'இருப்புச்சட்டி' என்ற பெயரும் உண்டு. மண்சட்டி நிறைந்த வீட்டில் இரும்பாலான சட்டி ஒன்றுக்குத் தனிப்பெயர் இட்டு மதித்திருக்கின்றனர்.

ஆனால் இரும்பு இருந்தது என்பதாலேயே வார்ப்பிரும்புக் கல் இருந்தது என்று கொள்ளுதல் கூடாது. நம் கொல்லர்களின் பழைய உலையில் கரியும் தாதுவும் சேர்ந்து எரியும்போது இரும்பு நீராக உருகி ஓடுவதில்லை. கசடு கலந்த, கடற்பஞ்சு போன்ற கட்டியாகவே அது கிடைக்கும். அதனை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்தால் கசடு நீங்கித் தேனிரும்பாகும். தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை வெப்பம் வேண்டும். கரிமம் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கலந்துவிட்டால், ஏறக்குறைய 1150 முதல் 1200 பாகையிலேயே உருகிவிடும். அவ்வாறு உருகியதை அச்சில் ஊற்றிப் பெறுவதே வார்ப்பிரும்பு. சீனர் கிறித்துவுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கலையில் தேர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்கு 1707 இல் உரிமை பெற்றார். உலகை மாற்றிய தொழிற்புரட்சியின் தொடக்க நாள்களில் ஒரு சமையற் பானை இடம்பெற்றிருப்பதைக் கருதுங்கள்!

நம் நாட்டிலும் அத்தகைய முயற்சி ஒன்று நடைபெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியில் ஊழியம் பார்த்த யோசையா மார்சல் ஹீத் என்பவர், பரங்கிப்பேட்டையில் 1830 இல் இரும்புத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். சேலம் பகுதியின் உயர்ந்த இரும்புத் தாது அவருக்குத் துணை நின்றது. ஆனால் உலைகளுக்கு மரக்கரியே எரிபொருள். ஓர் உலை பெரிதாகப் பெரிதாக, அதற்கு வேண்டிய காடும் பெரிதாக வேண்டும். கரி கிடைப்பது அரிதாயிற்று. கப்பலில் வந்து இறங்கிய ஆங்கில இரும்போ மலிவாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தொழிற்சாலை ஓய்ந்தது. அதே மலிவுச் சரக்கின்முன் ஊர்தோறும் இருந்த சிற்றுலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. கொல்லர், தாதுவை உருக்குவதை விட்டு, வாங்கிய இரும்பை அடிப்பவராயினர். ஊர்ப்புறத்து வீடுகளில் காணப்பட்ட மெல்லிய அடித்த கற்கள் அவர்களுடைய கைவேலையே.

கனத்த வார்ப்புக் கல் பரவலாக வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், கோயம்புத்தூரில் ஆலைகளும், நீரிறைக்கும் எந்திரங்களைச் செய்யும் பட்டறைகளும், அவற்றுக்கு உறுப்புகளை வார்க்கும் வார்ப்படச் சாலைகளும் பெருகின. வார்ப்பு முறை எளியது. முதலில் மரத்திலோ உலோகத்திலோ கல்லின் மாதிரி உருவைச் செய்வர். களிமண்ணும் ஈரமும் கலந்த மணலை அதன்மேல் இறுக இடித்து, பின் உருவை மெல்ல எடுத்துவிடுவர். எஞ்சிய குழியில், உருகிச் சிவந்த இரும்பை ஊற்றுவர். ஆறியபின் மணலை உதறி, ஓரங்களைத் தேய்த்து, மேற்புறத்தைச் செம்மை செய்தால் கல் ஆயிற்று. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை 1928 இல் இருப்புப்பாதை அமைந்ததனால், இத்தகைய கனமான சரக்குகள் பள்ளத்தாக்கிற்கு வருவதும் எளிதாயிற்று.

கல் வந்துவிட்டது, தோசை வந்துவிட்டதா? இல்லை. கல்லின்மேல் ஊற்றுவதற்கு மாவு வேண்டும். மாவுக்கு அரிசி வேண்டும். மலையடிவாரத்து மானாவாரி நிலத்தில் விளைந்தவை சோளமும் கம்பும் கேழ்வரகும் குதிரைவாலியும். உழவர் வீட்டுக் காலை உணவு கூழும் கஞ்சியும் பழைய சோறுமாகவே இருந்தது. கல்லில் சுட்டாலும் அது பெரும்பாலும் சோள மாவின் தோசையாகவோ, கேழ்வரகு அடையாகவோ இருக்கும். வெள்ளை அரிசியும் உளுந்தும் அரைத்துச் சுட்ட தோசையோ தீபாவளியன்றும் விருந்தினர் வந்த நாளிலும் காணும் காட்சி. சிறுவர்கள் நாள்களை விரல்விட்டு எண்ணிக் காத்திருந்தது அதற்காகவே.

அந்நிலையை மாற்றியவற்றுள் முதன்மையானது முல்லைப் பெரியாற்று அணை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம், மேற்கே கடலில் வீழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பவேண்டும் என்ற பழைய எண்ணத்திற்கு வலிவூட்டியது. 1886 இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை செய்யப்பட்டது. பொறியாளர் பென்னிகுவிக்கின் தலைமையில் எழுந்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீர், கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிய நிலங்களை இருபோக நெல் வயல்களாக்கியது. அதே நீர் இறங்கும் இறக்கத்தில் 1950களின் இறுதியில் மின்சாரமும் பிறந்தது.

அரிசி வந்த பின்னும் ஒரு தடை இருந்தது, அதுதான் ஆட்டுக்கல். ஊறிய அரிசியையும் உளுந்தையும் ஒரு பெண் அமர்ந்து குழவியைச் சுழற்றி அரைத்தல் எளிய வேலையன்று. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். பகலெல்லாம் வயலில் களை எடுத்தவள் இரவில் மாவாட்டவும் வேண்டுமென்றால், தோசை நாள்தோறும் எங்ஙனம் இயலும்? 1950களில் கோயம்புத்தூரில் மின்சாரத்தால் சுழலும் மாவரைக்கும் எந்திரம் உருவாயிற்று. தொடக்கத்தில் அது உணவு விடுதிகளுக்கே பயன்பட்டது. பின்னர் வசதியுள்ள வீடுகளுக்கு வந்தது. 2011 இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் மாவரைக்கும் எந்திரங்கள் விலையின்றி வழங்கப்பட்டன. அதே ஆண்டில் நியாயவிலைக் கடைகளில் அரிசியும் விலையின்றிக் கிடைக்கலாயிற்று. இரும்பு, அரிசி, அரைவை ஆகிய மூன்றும் ஏழையின் வீட்டில் ஒருங்கே கூடுவதற்கு இருபத்தொன்றாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. நமக்கு எளிய உணவாகத் தோன்றும் ஒரு தோசையின் பின்னே இத்துணை நெடிய வரலாறு உண்டு.

கோம்பையில் ஒரு விடியற்காலையில் நான் கண்டதை இங்கே கூறுதல் தகும். ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் பொழுது புலருமுன்னரே எழுந்துவிடுகின்றனர். மலைமேல் ஏற்றிச் செல்லும் வண்டி காத்திராது. ஒரு வீட்டின் திண்ணையை ஒட்டிய அடுப்பில், முதியவள் ஒருத்தி தன் மருமகளுக்காகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கல் கருநாவற் பழம்போல் பளபளத்தது. "அப்பத்தா, இந்தக் கல் எத்தனை காலத்தது?" என்று கேட்டேன். "எங்க மாமியா கொண்டாந்தது தம்பி. மாமியா போயிருச்சு, கல்லு இருக்கு" என்றாள். அச்சொற்களை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அவள் செய்த ஒவ்வொரு செயலிலும் ஓர் அறிவியல் இருந்தது. முதலில் சிறிது நீரைத் தெளித்தாள். போதிய சூடில்லாத கல்லில் நீர் மெல்லச் சுண்டும். அளவுமீறிக் காய்ந்த கல்லிலோ முத்துமுத்தாக உருண்டு ஓடும். நீர்த்துளிக்கும் கல்லுக்கும் இடையே நீராவி ஒரு மெத்தையாக நிற்பதே அதற்குக் காரணம் என்பதை லைடன்ஃபிராஸ்ட் என்ற செர்மானிய அறிஞர் 1756 இல் விளக்கினார். நீர் உருண்டோடினால் அவள் தீயைத் தணித்து மேலும் நீர் தெளிப்பாள். சூடு மிகுந்த கல்லில் மாவு விழுந்த இடத்திலேயே வெந்து பிடித்துக்கொள்ளும்; கரண்டியால் வட்டமிட வாராது. பின் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துக் கல்லைத் துடைத்தாள். கத்தரிக்காய்க் காம்பைக் கொண்டு துடைப்பாரும் உண்டு. மாவை ஊற்றினாள். கனத்த வார்ப்பிரும்பு வெப்பத்தை மெல்ல வாங்கும். வாங்கியதை எளிதில் விடாது. ஆதலால் குளிர்ந்த மாவு விழுந்தபோதும் கல் தன் சூட்டை இழக்கவில்லை. தோசையின் அடிப்புறம் ஒரே சீராகச் சிவந்தது.

புதிய கல் இவ்வாறு பணிவதில்லை. அதனைப் 'பழக்க' வேண்டும் என்பர் நம் பெண்கள். மாட்டைப் பழக்குவதுபோலக் கல்லையும் பழக்குகின்றனர். அரிசி கழுவிய நீரிலோ கஞ்சியிலோ ஊறவைத்துக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிக் காய்ச்சி ஆறவிடுவர். இதனைப் பலநாள் செய்வர். சூட்டில் எண்ணெயின் நுண்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இரும்பின்மேல் கெட்டியான மெல்லிய படலமாகப் படிகின்றன. நாள்தோறும் புழங்கப் புழங்க அப்படலம் உரம்பெறும். துருவையும் தடுக்கும், மாவு ஒட்டாமலும் காக்கும். ஆகவே பழைய கல்லின் மென்மை அதனை வார்த்தவன் தந்ததன்று; அதனைப் புழங்கியவள் தந்தது.

இவ்வறிவு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் பென்சில்வேனியாவின் ஈரி நகரத்துக் கிரிஸ்வோல்டு நிறுவனமும், 1896 இல் டென்னசியில் தோன்றிய லாட்ஜ் நிறுவனமும் வார்த்த கனத்த இருப்புச்சட்டிகளில் அந்நாட்டார் காலையில் முட்டையும் இறைச்சியும் பொரித்தனர். அங்கும் பாட்டியின் சட்டி பேத்திக்குச் செல்வது மரபு. 1938 இல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட டெஃப்லான் என்னும் பொருள், 1950களில் பிரான்சு நாட்டில் சமையற் கலத்தின்மேல் பூசப்பட்டது. பழக்க வேண்டாத, ஒட்டாத கலம் உலகெங்கும் பரவியது. அதன் பூச்சுச் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். கலமும் குப்பைக்குப் போகும். இந்நாளில் நகரத்தார் மீண்டும் இரும்புக் கல்லைத் தேடுகின்றனர். ஆனால் சிற்றூர்களில் எத்தனையோ பழங்கற்கள் எடைக்கு விற்கப்பட்டு மறைந்துவிட்டன.

இரும்புக் கலத்தின் நன்மையைப் பற்றி மிகைப்படுத்திக் கூறுவோரும் உளர். எத்தியோப்பிய நாட்டில், இரும்புப் பானையில் சமைத்த உணவை உண்ட குழந்தைகளின் இரத்தச்சோகை குறைந்ததை 1999 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது பானையில் நெடுநேரம் வெந்த உணவைப் பற்றியது. தோசையோ கல்லின்மேல் இரண்டொரு நிமிடமே கிடக்கிறது. ஆதலின் தோசைக்கல்லை மருந்தென்று நம்பிவிடலாகாது. ஆனால் வேறொரு கணக்கை நாம் மறக்கவும் கூடாது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர். நாளெல்லாம் இரும்பின் முன்னே நிற்பவர்களின் குருதியில் இரும்பு குறைந்திருக்கிறது! இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை அடுப்பங்கரையிலேயே காணலாம். தோசையை ஒவ்வொன்றாகத்தான் வார்க்க முடியும். உண்பவர் அனைவரும் சூடாக உண்டு எழும்வரை ஒருவர் நின்றுகொண்டே இருக்கவேண்டும். அவர் உண்பது கடைசியில். மாவு எஞ்சினால் உண்பது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பெற்ற பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலுமே இடம்பெற்றன. பலருக்கு ஒருங்கே சமைக்கத்தக்க உணவு அதுவே. தோசை ஒருவரின் பொழுதைத் தின்று மற்றவர் பசியைத் தீர்க்கும் உணவு.

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பை என்றோர் ஊர் உண்டு. அங்கே 2006 இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். இந்தியாவில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழையவற்றுள் அவை வைத்து எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் வீழ்ந்த ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் பெயரை நாம் படிக்கிறோம். அதுவும் ஒரு கல். கோம்பை அடுப்பின்மேல் இருந்ததும் ஒரு கல். முன்னதில் எழுத்து இருக்கிறது. பின்னதில், மூன்று தலைமுறைப் பெண்களின் கை பட்டுப்பட்டு ஏறிய கருமை இருக்கிறது; அவர்கள் பெயர் இல்லை. அந்தக் கல் எடைக்குப் போகுமானால் அக்கருமையும் உலையில் எரிந்துவிடும். அதனோடு அவர்கள் வாழ்ந்ததற்கான சான்றும் அழிந்துபோகும்.

மாணவ நண்பர்களே, வரலாற்று ஆராய்ச்சி என்பது மண்ணை அகழ்வது மட்டும் அன்று. உங்கள் வீட்டில் பழைய தோசைக்கல் ஒன்று இருந்தால் அதனை எடுத்துப் பாருங்கள். அடித்ததா, வார்த்ததா என்று நோக்குங்கள். எந்தச் சந்தையில் வாங்கியது, யார் கொண்டுவந்தது, முதலில் அதில் சுட்டது சோளமா அரிசியா, மாவை அரைத்தது யார், அவர் எப்போது உண்டார் என்று பாட்டியிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் நாளும் ஊரும் பெயரும் இட்டு எழுதி வையுங்கள். நாளைய வரலாற்றாசிரியனுக்கு அத்தாள் ஒரு கல்வெட்டாகும். நாளைக் காலையில் முதல் தோசையை அவருக்கு நீங்கள் வார்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்டால், விடை இன்னும் விரிவாகவே வரும்.